நூல் விட்ட தயிர்

எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். ஊர் ஊராகப் போனேன். கிடைத்த வேலையைச் செய்தேன், கிடைக்காத நாளில் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்துச் சாப்பாட்டு ஓட்டல் ஒன்றில் பால் காய்ச்சித் தயிர் தோய்க்கும் வேலை அமைந்தது.

தயிர் கெட்டியாகத் தெரிய அங்கே பாலில் மரவள்ளி மாவு கரைப்பார்கள். ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்தில் மாவுக்கா பஞ்சம்? கரண்டி பட்டதும் தயிர் தனி, தண்ணீர் தனி. நாக்கில் மாவு ஒட்டும். அதைத் தயிர் என்று பரிமாற எனக்கு மனசில்லை.

முன்பு தம்மம்பட்டியில் நான் எருமை மேய்த்த வீட்டுத் தயிர் தண்ணீரே விடாது. கரண்டியில் எடுத்தால் மெல்லிய நூலாக இழுக்கும். ஒரு நாள் போய் அந்த உறைமோரை வாங்கி வந்தேன். ஒரு சட்டியில் வழக்கம்போல மாவுத் தயிர். இன்னொன்றில் மாவில்லாமல், பாலை நன்றாக ஆறவிட்டு அந்த உறையை ஊற்றினேன். தோய நேரம் பிடித்தது.

காலையில் முதலாளி கரண்டியைத் தூக்கினார். நூல் இழுத்தது.

"என்னடா இது, மூக்குச்சளியாட்டம்? கெட்டுப்போச்சு. கொட்டு."

"கொட்ட மாட்டேன் முதலாளி."

"அப்போ மூட்டையைக் கட்டு."

ஒரு கிண்ணம் எடுத்து அவர் எதிரிலேயே தின்றேன். சாப்பிட வந்திருந்த பஸ் கண்டக்டர், வெண்ணந்தூர்க்காரர், சிரித்தார்.

"ஏனுங்க, இதை எங்கூருத் தறியில ஏத்திப்போடலாமாட்ட இருக்குதுங்க!"

"ஏத்துங்க. முதல்ல உங்க பஸ்ஸில ஏத்துங்க" என்று இரண்டு தயிரையும் தனித்தனித் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தேன். "ஆத்தூர் போய் வரட்டும். எது நிக்குதுன்னு முதலாளி பார்க்கட்டும்."

மத்தியானம் பஸ் திரும்பியது. அந்த ரோட்டின் குலுக்கலில் மாவுத் தயிர் திரிதிரியாகத் தண்ணீரில் மிதந்தது. என்னுடையது ஓரம்கூட விலகவில்லை. கண்டக்டர் அதைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

"சரி, உறையை வச்சுட்டுப் போ" என்றார் முதலாளி.

"நான் போனா உறையும் போகும்."

அவர் மாவுத் தயிர் வாளியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "அந்த மாவு மூட்டையைக் கண்ணுல படாம வை" என்றார்.

பாலைப் புளிக்கவைக்கும் கிருமிகளில் சில, பசைபோல ஒன்றைச் சுரந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்று பின்னாளில் நாமக்கல்லில் ஒரு மாட்டு டாக்டர் சொன்னார். இருக்கட்டும். அது தெரியாமலேயே நான் கொட்ட மறுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, யாரும் போகச் சொல்லாத ஒரு நாளில், நானாகவே கிளம்பினேன். தூக்குவாளியில் பாதி உறை. மீதியைச் சட்டியிலேயே விட்டுவந்தேன்.