அவர் போடாத ஓவர்

விக்கிரவாண்டி அணிக்கு முதல் ஓவரை எப்போதும் அவர்தான் வீசுவார். நாற்பதை நெருங்கிய உயரமான மனிதர். ஓடத் தொடங்கும் இடத்தில் தன் செருப்பு ஒன்றை அடையாளமாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் முன் அதைக் காலால் நேராக்குவார். என் அண்ணனும் அதே அணியில் பந்து வீசியதால், ஞாயிறுகளில் ஸ்கோர் எழுதும் வேலை எனக்கு வந்தது.

அந்த ஆண்டு அவருடைய வேகம் குறைந்துகொண்டே போனது. திண்டிவனத்தில் நடந்த அரையிறுதிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது கேப்டன் என் நோட்டைப் பார்த்தார். முந்தைய ஆட்டத்தில் அந்த உயரமானவர் பெயருக்கு நேரே ஒரே ஓவரில் இருபத்திரண்டு ரன் இருந்தது. கேப்டன் அவரை நீக்கிவிட்டு அண்ணனை வைத்துக்கொண்டார்.

அரையிறுதி அன்று, ஆட்டம் தொடங்கச் சற்று முன், அவர் தண்ணீர் கேனுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த இருபத்திரண்டு ரன் ஓவரு நான் போடலம்மா. உங்கண்ணன் போட்டான்."

நோட்டைப் புரட்டினேன். அடுத்தடுத்த இரண்டு ஓவர்களை அவர் பெயரிலேயே எழுதியிருந்தேன். ஒருவரே அப்படித் தொடர்ந்து வீச முடியாது.

"எப்பண்ணா பாத்தீங்க?"

"கேப்டன் நோட்டக் காட்டனப்பவே."

"சொல்லியிருக்கலாமில்ல? இருங்க, நான் போய்ச் சொல்றேன்."

"வோணாம், உக்காரு. சொன்னா அவன எடுத்துட்டு என்னப் போடுவாங்க. நான் மட்டும் இன்னா, நல்லாவா போட்டுக்கினு இருக்கேன்?"

நான் எழுந்து நின்றேன். அதற்குள் களத்தில் அண்ணன் முதல் ஓவரை வீச ஓடி வந்துகொண்டிருந்தான். முதல் பந்திலேயே ஸ்டம்ப் விழுந்தது. எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவர் அவர்தான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் திருத்தவில்லை.