செக்ரோலில் இல்லாத கட்டம்

1. நாள் தெரியும், நேரம் தெரியும்

1957 ஆகஸ்டு 29, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு நானும் எனக்குக் கூலி தரும் முனியம்மாவும் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு காலி மனையில் மண்வெட்டியோடு நின்றோம். என் நோட்டில் இப்படி இருந்தது:

"ஆகஸ்டு 15, வியாழன். மாலை 4.20. ஜெரிங் நானூறு கொட்டை, ஒரே குழி, புதைத்து முடிந்தது. கடும் வெயில், பிடரி எரிச்சல். தென்னை ஓலை நிழல் நோட்டின் மேல், எழுத வசதி."

"எல்லாம் சரி, எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டார் முனியம்மா.

அதை நான் எழுதவில்லை.

ஜெரிங் காட்டு மரத்துக் கொட்டை. பச்சையாக அதிகம் தின்றால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். பதினான்கு நாள் மண்ணுக்குள் வைத்து, முளை எட்டிப் பார்க்கும்போது தோண்டியெடுத்து மிளகாய்ச் சம்பலோடு தின்பார்கள். தின்றவர் யார் என்று மறுநாள் கழிப்பறை சொல்லிவிடும். அவ்வளவு நாற்றம்.

அந்த நானூறும் பாக் லேமான் வீட்டுக் கல்யாணத்துக்கு. பாசார் என்ற சந்தையின் ஓரத்தில் நாசிச் சோற்றுக் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். விருந்தில் ஜெரிங் நன்றாக இருந்தால், நாங்கள் காட்டோரம் பறிக்கும் கீரை, பெத்தாய்க் கொட்டை, காயவைக்கும் ஆசாம் புளி எல்லாவற்றையும் வருஷம் முழுக்கத் தன் கடைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இல்லையென்றால் முனியம்மா மறுபடி எவர் தோட்டத்திலாவது ரப்பர் பால் வெட்டப் போகவேண்டும்.

"ஜெரிங் வரலன்னா, ஒங்க பேரை வெட்டிருவேன் கிராணியாரே" என்றார் முனியம்மா. அன்றைய கூலி கிடையாது என்று அர்த்தம்.

நான் புதைத்தபோது அந்த மனையில் லாலாங் புல் முழங்கால் உயரம். காலியாகக் கிடந்த இடமென்று யாரையும் கேட்காமல் புதைத்திருந்தேன். சனிக்கிழமை நாடு சுதந்திரம் அடைகிறது என்று விழாக் கமிட்டி இரண்டு நாள் முன்பு புல்லை வெட்டி, மண்ணை நிரவிப் பந்தல் போட்டுவிட்டது. குழியின் மேட்டையும் சேர்த்து நிரவிவிட்டார்கள்.

2. பெரட்டு

முனியம்மா என்னை ஏன் கிராணியார் என்கிறார் என்று சொல்லவேண்டும். நான் பதினோரு வருஷம் ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது கணக்கர். அவர் அங்கே பால் வெட்டியவர். தினமும் விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவேன். பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு மலாக்காவுக்கு வந்து காட்டுப் பொருள் விற்க ஆரம்பித்தார். துரை தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பல் ஏறியபோது என்னைச் சீண்டுவாரில்லை. வேலை கேட்டு அவர் வாசலில் போய் நின்றேன். என்னைவிட எட்டு வயது இளையவர். 'நீங்க' என்று சொல்ல என் நாக்குப் பழக ஒரு வாரம் ஆனது.

முதல் நாளே பெரட்டு வைத்தார். நான் ஒருவன்தான் ஆள்.

"கிராணியாரே!"

"வந்துட்டேங்க."

"கை நகம் வெட்டலையே. மெங்குவாங் முள்ளு சீவப் போறீங்க, வெள்ளைக்காரன் பைல் இல்ல."

மெங்குவாங் தாழை மாதிரி. ஓலையின் முள்ளைச் சீவி, காயவைத்து, பை முடையவேண்டும். முதல் வாரம் ஏழு விரல்களில் காயம்; தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன். நான் முடைந்த முதல் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி நிக்காது, கல்லும் நிக்காது" என்றார்.

நோட்டில் இடம் எழுதாமல் போனதற்குக் காரணம் இதுதான். செக்ரோலில் நாள், பேர், நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எந்த மர நிரையில் வேலை என்பது மண்டோர் என்ற மேஸ்திரிக்குத் தெரியும். அதற்குக் கட்டம் கிடையாது. பதினோரு வருஷப் பழக்கம், கட்டம் இல்லாததைக் கை எழுதாது.

3. பெரிய மனிதர்கள் உட்காரும் இடம்

மத்தியானம் வரை ஒன்பது இடத்தில் தோண்டினோம். ஒரு செருப்பும் உடைந்த மங்குத் தட்டுமே கிடைத்தன. முனியம்மாவுக்கு எழுத்து தெரியாது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "அந்த நோட்டுல என்னதான் இருக்கு? முழுசா படிங்க" என்றார். படித்தேன்.

"நில்லுங்க. பிடரி எரிஞ்சுச்சா? அப்ப வெயிலுக்கு முதுகு காட்டி நின்னிருக்கீங்க. தென்ன நெழலு நோட்டு மேல. இந்த மனையில எத்தன தென்ன இருக்கு?"

"ஒண்ணுதான்."

"மணி எத்தன எழுதியிருக்கீங்க?"

"நாலு இருபது."

"அப்ப நாலு இருபது வரைக்கும் குந்துங்க."

குந்தினோம். நான் நிமிஷக் கணக்கில் எழுதிய எதையும் அதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. நாலு இருபதுக்குத் தென்னையின் தலை நிழல் பந்தலுக்குள் நுழைந்து, முன்வரிசைப் பலகை மேடையில் போட்டிருந்த மூன்று மெத்தை நாற்காலிகளின் மேல் விழுந்தது.

நாற்காலிகளை இறக்கிப் பலகையை நெம்பும்போது கமிட்டிச் செயலாளர் வந்துவிட்டார். தமிழ்ப்பள்ளி வாத்தியார். கையில் சனிக்கிழமைப் பேச்சு.

"ஐயோ, என்னம்மா அநியாயம்! பெரிய மனுசங்க ஒக்கார்ற எடத்தப் போயி நோண்டுறீங்களே!"

"நோண்டலன்னாதான் அநியாயம் வாத்தியாரே. அடியில நானூறு ஜெரிங் மொளச்சுக் கெடக்கு. சனிக்கெழம நீங்க பேசுறப்ப வாடை கெளம்பும். மூணு பெரிய மனுசங்களும் ஒருத்தர ஒருத்தர் திரும்பிப் பாப்பாங்க."

வாத்தியார் சற்று யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையின் மறு முனையைப் பிடித்தார்.

நாற்காலி இருந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, மூன்றாவது வெட்டில் வந்தது வாடை. வாத்தியார் பேச்சுத் தாளால் மூக்கை மூடிக்கொண்டார். முனியம்மா ஒரு கொட்டையை எடுத்து மண்ணைத் துடைத்தார். வெள்ளை முளை, சரியான பதம். எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் கட்டி, மண்ணை மிதித்துப் பலகை போடும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

ஞாயிறு விருந்தில் பாத்திரம் காலி. பாக் லேமான் சொன்ன சொல் தவறவில்லை.

அந்த வியாழன் மாலை வீடு திரும்பியதும் முனியம்மா கரித்துண்டை எடுத்தார். சுவர்தான் அவருடைய செக்ரோல். முழு நாளுக்கு வட்டம், அரைப்பேர் என்னும் அரை நாள் கூலிக்கு அரை வட்டம்.

"தோட்டத்துல ஒரு நா லேட்டா வந்தேன்னு எனக்கு அரைப்பேரு போட்டீங்களே, நெனவிருக்கா?"

"பதினோரு நிமிஷம்" என்றேன்.

"ஏன் லேட்டுன்னு எழுதினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்க."

"வர்ற வழியில ஜெரிங் காய் கொட்டிக் கெடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன். நீங்க அரை நா வெட்டுனீங்களா, சாயங்காலம் அதக் கொண்டுபோயி பாசார்ல வித்தேன். அரைப்பேரவிட நல்லாவே கெடச்சுது. அன்னைக்குத்தான் இந்தத் தொழிலே தொடங்குச்சு."

இன்றுவரை என் நோட்டில் 'எங்கே', 'ஏன்' என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுகிறேன். வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேறு பாடம் இல்லை.

அன்றைக்கு முனியம்மா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்குப் போட்டது அரை வட்டம்தான்.