வாளி அண்ணன் துடைத்த டிரம்ஸ்

கண்ணாடி டிரம்ஸ் வெடித்த கதையை வாளி அண்ணன் கேட்டது தரையில் நின்றுகொண்டு அல்ல. உயரமான ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது. சொன்னவன் பக்கத்துக் கயிற்றில் தொங்கிய தாடி. தாடியும் நேரில் பார்த்தவனில்லை. அவனுடைய மச்சானின் சிநேகிதன் ஒருத்தன் ஏதோ ஒரு அரங்கத்தில் விளக்குக் கட்டப் போயிருந்தானாம்.

"முதல் அடிதான் அண்ணே. படார்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, வாசிச்சவன் மடி பூரா கண்ணாடிச் சில்லு."

"அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?"

"அதை மச்சான் கேக்கலையாம்."

"கேக்க வேண்டியதை விட்டுட்டு மத்ததையெல்லாம் கேட்டிருக்கான். உன் மச்சான் உனக்கேத்த மச்சான்தான்."

கிண்டல் செய்தாரே தவிர, அவர் கையிலிருந்த, தண்ணீர் வழிக்கும் ரப்பர் பட்டை கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு டிரம்ஸை வீட்டுக்குக் கொண்டுவரப் போவதாக முந்தின நாள்தான் மகள் சொல்லியிருந்தாள்.

வாளி என்பது அவர் பெயரல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைநழுவ விட்ட வாளி, கீழே பூத்தொட்டிகளுக்கு நடுவே போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. ஆளுக்குச் சேதமில்லை, பூவுக்கும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரு கரண்டித் தண்ணீரைக்கூட அவர் கீழே சிந்தியதில்லை. யாரும் பெயரை மாற்றவுமில்லை.

நல்ல கண்ணாடி என்றால் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது. இதுதான் அவர் தொழில் தர்மம். அவர் துடைத்த ஜன்னலில் எப்போதாவது ஒரு புறா வந்து மோதும். பாவமே என்று மனம் பதறும். அந்தப் பதற்றத்துக்கு அடியில், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு சின்னப் பெருமையும் இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே கூட்டம் நடக்கும், சண்டை நடக்கும், யாராவது அழுவார்கள். வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் வராது. சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்ட அந்த உலகத்தை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள், நடக்கத் தொடங்குமுன்பே தட்டத் தொடங்கியவள். தட்டு, டப்பா மூடி, குளியலறைக் கதவு, அப்பாவின் முதுகு, எதையும் விட்டதில்லை. வளர்ந்து டிரம்ஸ்காரி ஆனாள். வாடகை அறையில் அவள் பழகும் மரத்து டிரம்ஸை அவர் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தார். மூடிவைத்த அண்டாக்கள் போலத்தான் தோன்றியது. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

தாடி கதை சொன்ன அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார். கூடத்தின் நடுவே பளபளவென்று உலோக வளையங்கள் அந்தரத்தில் தொங்கின. இரண்டு வளையங்களுக்கு இடையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் வழியே எதிர்ச்சுவரும் அலமாரியும் தெரிந்தன. அடுக்களையிலிருந்து வந்த மனைவியின் சேலைப் பச்சை, வளைந்து நெளிந்து ஒரு டிரம்மிலிருந்து அடுத்த டிரம்முக்கு நகர்ந்து போயிற்று. ஜன்னல் வெயில் பெரிய டிரம்முக்குள் நுழைந்து தரையில் வட்டமாகக் கசிந்திருந்தது.

"யார் இதைத் துடைச்சது?" என்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல டிரம்ஸைப் பத்தி நீங்க கேட்ட முதல் கேள்விப்பா இது."

"கண்ணாடியாம்மா?"

"கண்ணாடி மாதிரி. அக்ரிலிக்னு சொல்வாங்க. பிளாஸ்டிக் ஜாதி. பெரிய மீன்தொட்டியெல்லாம் இதுலதான் பண்றாங்க."

"ஒருத்தன் அடிச்சதும் வெடிச்சுச்சாமே. தாடி சொன்னான்."

"தாடி மாமா பல்லி விழுந்தாலே முதலை விழுந்துச்சுன்னு சொல்ற ஆளு. இப்படி உக்காருங்க, கேளுங்க."

உட்கார்ந்தார். மனைவி டீயைக் கையில் கொடுத்தாள். மகள் காலை மிதித்தாள். பெரிய டிரம்மின் அடி அவர் நெஞ்சுக்குழியில் நேரே வந்து இறங்கியது. டீ பாதி மடியில் கொட்டியது. அதிலிருந்து மீள்வதற்குள் சின்ன டிரம்கள் சடசடவென்று தொடங்கிவிட்டன. பூட்டிய கதவை யாரோ விரலால் தட்டாமல் தோளால் இடிப்பதுபோல் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் மேல்நோக்கிக் கம்பால் இடித்தார். அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

"என்னம்மா இது, வீடு இருக்கா போச்சா?"

"மரமா இருந்தா சத்தம் உள்ள கொஞ்சம் ஊறிட்டு வெளிய வரும்பா. இது ஊற விடாது. அடிச்சது அடிச்சபடி வரும். தப்பா அடிச்சாலும் அப்படியே வரும், ஒளிச்சு வைக்க முடியாது."

அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது. உள்ளே இருப்பதை மறைக்காத ஒன்று. மகள் செய்கிற வேலையில் முதன்முறையாக அவர் கைக்குப் பிடிபடுகிற ஒன்று இருந்தது. அன்று படுக்கப் போகுமுன் இரண்டு முறை எழுந்து வந்து, எட்டி நின்று, பார்த்துவிட்டுப் போனார். மனைவி கவனித்துவிட்டாள். "பொண்ணு பொறந்தப்பகூட இப்படி எட்டி எட்டிப் பார்க்கல" என்றாள்.

மகளுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் பதில் ஆள் வேலை. யாருக்காவது காய்ச்சல் என்றால் கூப்பிடுவார்கள். காய்ச்சல் குணமானால் மறந்துவிடுவார்கள். இந்த முறை பெரிய அரங்கத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு அவளையே பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகிற இந்த டிரம்ஸோடு அவள் உட்கார்ந்திருந்த ஒரு புகைப்படத்தை, நிகழ்ச்சியை நடத்துபவர் பார்த்திருக்கிறார். இதே டிரம்ஸ், இதே ஆள் என்று சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு மட்டும் ஒழுங்கா நடந்துட்டா, அப்புறம் நான் யாருக்கும் பதில் ஆள் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, நிகழ்ச்சியன்று காலையிலேயே பித்தளைத் தாளத் தட்டுகளை மட்டும் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குக் கிளம்பினாள். டிரம்ஸை எடுக்கச் சாயங்காலம் வண்டி வரும். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாத்துலயும் என் விரல் தடம்தான். லைட் போட்டா அப்படியே தெரியும். அங்க வச்சுத் துடைச்சுக்கணும்."

அங்கே வைத்துத் துடைப்பதா? இந்த வீட்டில் ஒருத்தர் இருக்கும்போதா?

வாளி அண்ணன் அன்று விடுப்பு எடுத்திருந்தார். வேலைப் பையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பரப்பினார். நூல் உதிராத துணி. ரப்பர் பட்டை. பிறகு, கண்ணாடி துடைக்கும் நீல மருந்து. மாடிக் கண்ணாடியில் காய்ந்துபோன பறவை எச்சத்தையும் எண்ணெய்ப் புகையையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். மூடியைத் திறந்தால் மூக்கு எரியும். மற்ற நாளில் அதில் தண்ணீர் கலப்பார். இன்று மகளுடைய நாள், கலக்கவில்லை.

ஒவ்வொரு டிரம்மாக மடியில் சாய்த்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார். திருகாணிகள் இறங்கும் இடத்தில் அழுக்கு ஒதுங்கியிருந்தது. அங்கே மருந்தைத் தாராளமாகப் பீய்ச்சி, பல்குச்சியில் துணியைச் சுற்றிச் சந்து பொந்தெல்லாம் துடைத்தெடுத்தார். சீட்டியடித்தார். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது டிரம்ஸ் அங்கே இல்லவே இல்லை, வளையங்கள்தான் நின்றன. இனிப் புறா வந்து மோத வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, இதுல ஒரு முடி ஒட்டியிருக்கு. துடைச்ச லட்சணமா இது?"

ஈரத் தலையோடு வந்தார். திருகாணிக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு. நகத்தால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. ஈரத் துணியால் இழுத்தார். வரவில்லை. முடி வெளியே இல்லை, உள்ளே இருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றல்ல. ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் சூரியனுக்குக் கதிர் வரைந்ததுபோல் கோடுகள் கிளம்பியிருந்தன. அடுத்த டிரம்மில் பார்த்தார். அதற்கடுத்ததில் பார்த்தார். பெரிய டிரம்மில் ஒரு பக்கம் முழுக்கச் சிலந்தி வலை.

முகத்தில் ஈயாடவில்லை. இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

அவர் கண் நீல மருந்துப் புட்டியிலேயே இருந்தது. அலுவலகக் கட்டடங்களின் வாசலில் பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பார்கள். ஒருமுறை தாடி இதே மருந்தை அதன்மேல் தெளிக்கப் போனபோது, கையைப் பிடித்து இழுத்து, "டேய், பிளாஸ்டிக்ல இது பட்டா விரிஞ்சு போயிடும்டா, சோப்புத் தண்ணிதான் போடணும், எத்தனை தடவை சொல்றது" என்று கத்தியவர் இவர்தான். பிளாஸ்டிக் ஜாதி என்று மகளும் வாய்திறந்து சொல்லியிருந்தாள். காது கேட்டிருந்தது. மூளைக்கும் தெரிந்திருந்தது. கை மட்டும், கண்ணாடி என்று கண் சொன்னதைக் கேட்டுவிட்டது.

"நான்தான்" என்றார் கடைசியில். "மருந்து தின்னுடுச்சு."

மனைவி புட்டியைப் பார்த்தாள், டிரம்ஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் சொன்னாள்.

"தாடி தம்பி அன்னைக்கே சொன்னாரே, இந்த மாதிரி டிரம்ஸ் வெடிக்கும்னு. இதுவும் தானா விரிஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும். லைட் வெளிச்சத்துல பார்க்கிறவங்களுக்கு ஏதோ டிசைன்னுதான் தோணும்."

அவருக்கும் அது தோன்றாமலில்லை. சத்தம் மாறாவிட்டால் போதும், ஒரு மாலை தாங்கினால் போதும். எழுந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக மகளுடைய டிரம்மின் முன்னால் உட்கார்ந்து, மடக்கிய விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அதே சத்தம். ஊறாமல், ஒளியாமல், கணீரென்று.

"பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி.

அப்போது டிரம்முக்குள் 'டிக்' என்றது. நகம் கிள்ளுவது போன்ற சத்தம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கோடு திருகாணியிலிருந்து புறப்பட்டு, விரல் நீளத்துக்கு அவசரமில்லாமல் நடந்து போய் நின்றது.

மடி பூரா சில்லு. மச்சான் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கேயும் நடந்திராத ஒரு கதையைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கேட்டுவந்து, அதைத் தன் கையாலேயே, தன் மகளுக்கே, நடக்கிற கதையாக ஆக்கி வைத்திருந்தார். இப்போதே சொன்னால் அவள் வாடகை அறையிலிருக்கும் மர டிரம்ஸை வரவழைத்துக்கொள்ளலாம். வரவழைத்தாலும் மேடை அவளுடையதாக இருக்குமா என்பது தெரியாது. இதே டிரம்ஸ், இதே ஆள் என்றல்லவா கேட்டார்கள்.

"கைபேசியைக் கொடு."

"யோசிச்சுக்கோங்க. அவ மனசு விட்டுடுவா."

"கொடு. மேடையில அவ மடியில விழுறதுக்கு, இப்ப என் தலையில விழட்டும்."

மனைவி மகளின் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது. அரங்கத்தில் ஒலிவாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். அவள் பை எங்காவது நாற்காலியில் கிடக்கும். கீழே தெருவில் வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்கதான்" என்றாள். "ஏத்தச் சொல்லவா, வேண்டாமா?"

வாளி அண்ணன் கையால் சைகை காட்டினார், பொறு என்று. காதில் மணி போய்க்கொண்டே இருந்தது.