பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு சூப்பர்சார்ஜர்

என் கொழுந்தியாள் தன் பீரோவைத் திறந்ததும் உள்ளே எரிந்துகொண்டிருந்த பல்பின் மஞ்சள் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில், அரக்கு நிறக் கூரைப்புடவைக்கும் பச்சைக் காஞ்சிபுரத்துக்கும் நடுவே, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரண்டு உலோக உருளைகள் சுகமாகப் படுத்திருந்தன. கூரைப்புடவையின் முந்தியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது.  அவள் கதவைச் சாத்தினாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நானும் என் மனைவியும் அன்று சாப்பிடாமலே திரும்பினோம், அவளையும் கூட்டிக்கொண்டு.

போர்ட் பிளேர்க்காரர்களுக்கு அந்தப் பல்பைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பாதி வருஷம் மழை, மீதி வருஷம் கடல்காற்று. பீரோவுக்குள் பல்பு எரியாவிட்டால் துணியெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். ஆகவே குட்வில் எஸ்டேட்டில் என் சகலையின் வீட்டில் ஈரம் அண்டாத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது அவர் மனைவியின் புடவை பீரோதான். அவர் தன் காரின் எஞ்சினைப் பிரித்துப்போட்ட அன்று, கடைந்த உலோகப் பாகங்களை உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். கப்பல் எஞ்சின்களோடு உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தவன் வேறென்ன சொல்வான்? உலர்ந்த இடம் என்றேன். பட்டுப்புடவை என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை என் கொழுந்தியாள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

சகலை கட்டட கான்டிராக்டராக இருந்து ஓய்ந்தவர். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி தன்னோடு ஒரு பழைய வெளிநாட்டுக் காரைக் கப்பலில் கொண்டுவந்தார். அடுத்த மாற்றல் வந்தபோது, அதைத் திரும்பக் கொண்டுபோகும் அளவுக்கு அவர் அறிவில்லாதவர் அல்ல. இவர் வாங்கிவிட்டார். அதில் சூப்பர்சார்ஜர் இருந்ததுதான் காரணம். எஞ்சினின் பெல்ட்டோடு சேர்ந்து சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சாதனம் அது; பீரோவில் படுத்திருந்தவை அதன் உருளைகள்தான். வேகம் கூட்டினால் ஊளையிடும். அந்த ஊளைக்காகவே அவர் தேவையில்லாமல் கடற்கரைச் சாலையில் போய்வருவார். பிறகு வண்டி புகைய ஆரம்பித்தது. நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றேன். "ஹோ ஜாயேகா அண்ணாச்சி," என்றார். ஆகிவிடும் என்பது அதன் பொருள். கட்டடம் இடிந்தாலும் அதைத்தான் சொல்வார்.

கொட்டகை ஒழுகியதால் எஞ்சின் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. சோபா வாசலுக்குப் போனது. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று குறிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பெயின்ட் வாளியில் போட்டிருந்தார். போல்ட்டுகளை இன்ன வரிசையில், இன்ன அளவு இறுக்கத்தில்தான் முடுக்க வேண்டும் என்று விளக்கியபோது, சாரத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "கையே சொல்லிரும்லா," என்றார்.

"நடைமுறை என்று ஒன்று இருக்கிறது."

"அது கப்பலுக்கு அண்ணாச்சி. இது காருல்லா."

கொழுந்தியாள் எங்கள் ஷாதிபூர் வீட்டுக்கு வந்த அன்றே நிபந்தனையை அறிவித்துவிட்டாள். அவர் தொலைபேசியில் கெஞ்சினார். அவள் சொன்னாள்: "அந்த வண்டி ஓடி வந்து அக்கா வீட்டு வாசல்ல நிக்கட்டும். அதுல ஏறித்தான் வருவேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கிடுதேன்." அது ஓடாது என்ற நம்பிக்கையில் சொன்னது. அவரோ அதை டெண்டர் நிபந்தனைபோல எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். ஆட்டோவில் வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும் விஷயம். இருவரிடமும் சொன்னேன். இருவரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள்.

இங்கே என் செய்தி நேரம் இந்தி சீரியல் நேரமானது. மிளகாய்த்தூள் டப்பா இடம் மாறியது. குறை சொன்னால், "உலர்ந்த இடம்னு நீங்கதான அத்தான் சொன்னிய," என்று ஒரே பதில். அக்காள் தங்கைக்குத்தான் தலையாட்டினாள். ஆனால் மாலையில் தெருவில் எந்த வண்டி ஏறி வந்தாலும் கொழுந்தியாள் சீரியலின் சத்தத்தைக் குறைத்தாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே சகலை ஓட்டல் சாப்பாட்டில் இளைத்துப்போனார். பெல்ட்டைக் கடைசி ஓட்டைவரை இழுத்துக் கட்ட வேண்டிய நிலை. இடுப்புப் பெல்ட்டைச் சொல்கிறேன்.

எஞ்சினை ஒருவழியாகக் கூட்டிவிட்டோம். சூப்பர்சார்ஜருக்கு மட்டும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் தேவைப்பட்டது. உதிரிபாகக் கடைக்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஷிப் ஆயேகா தோ மால் ஆயேகா," என்றார். கப்பல் வந்தால் சரக்கு வரும். இந்த ஊரின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். சென்னையிலிருந்து விமானத்தில் வந்த ஒரு தெரிந்தவரின் சட்டைப்பையில் சீல் வந்தது, அளவு தவறு. கப்பலில் சரியானது வருவதற்குள் கடல் கொந்தளித்தது. துறைமுகத்துக்கு நாங்கள் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

துறைமுகத்திலிருந்து திரும்பும்போது சகலை சொன்னார்: "அதைக் கழட்டிப்போட்டுட்டு ஓட்டினா என்ன அண்ணாச்சி?"

காற்றைத் திணிப்பார்கள் என்று நம்பிச் செய்யப்பட்ட எஞ்சின் அது, திணிக்காவிட்டால் உள்ளே அழுத்தம் போதாது, சமதரையில் ஓடும், ஏற்றத்தில் உயிரை விடும் என்று விளக்கினேன். போர்ட் பிளேரில் ஏற்றமில்லாத தெரு எது? எங்கள் தெருவோ மாடிப்படிக்குத் தார் போட்டதுபோல் இருக்கும்.

"எனக்கும் தெரியும்," என்றார். ஹோ ஜாயேகா என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலை தூறலில் வண்டி வந்தது. ஊளை இல்லை, இருமல் மட்டும். கொழுந்தியாள் வாசலில் போய் நின்றாள். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. மறுபடி கிளம்பியது, முக்கியது, கிளட்ச் கருகும் வாசனை எங்கள் வீடுவரை வந்தது, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அசையவே இல்லை. சகலை இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல் வரைக்கும்னுலா சொன்ன," என்றாள் என் மனைவி.

 கொழுந்தியாள் உள்ளே போய்ப் பையை எடுத்தாள், குடையை விரித்தாள், இறங்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

அவள் சன்னலில் குனிந்தாள். "அந்த ஊளைச் சத்தம் எங்க?"

"கழட்டிட்டேன்."

"எங்க வச்சிருக்கிய?"

"டிக்கில. பீரோல இல்ல."

அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடக்கு," என்றாள். சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தாள். சகலை என்னிடம், "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி, ரிவர்ஸ்ல எறங்கணும்," என்றார். நான் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், கேட்க ஆளில்லை. வண்டி தன் எடையிலேயே பின்னால் வழுக்கி இறங்கியது. அவள் பாதி உடம்பைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, நனைந்துகொண்டே வழி சொன்னாள்: "லெஃப்ட்ல ஒடிங்க... நேரா... வாங்க, வாங்க..."

வண்டி பின்னால் வரும்போது வழிகாட்டுபவர் கீழே இறங்கி நின்றுதான் காட்ட வேண்டும். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. தூறலில் நின்று அதை யாரிடம் சொல்வது?

சரியான சீல் பிறகு வந்தது. அவர் இன்னும் மாட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதானால் ஏற்றத்தின் அடியில் நிறுத்தி ஹார்ன் அடிக்கிறார்கள். முட்டிவலியோடு நாங்கள்தான் இறங்கிப் போகிறோம்.