மேளம் வேண்டாம் என்ற பேச்சியாச்சி

சென்ற ஞாயிறு, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். வயது நூற்றிரண்டு. நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சியாச்சி இறந்த செய்தி இப்படித்தான் வந்தது. தாராவியில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். லீவுக்கு ஊருக்குப் போனால், ஆயுசு கூடும் என்று கைக்குழந்தைகளை அவர் மடியில் கொண்டுபோய்ப் போடுவோம். “என் ஆயுசைக் கேக்காதிய. அது ஒரு பிள்ளைக்கும் வேண்டாம்” என்பார். நாம் சிரிப்போம்.

போன வருடம் அவருடைய கடைசி மகன், தோல் பட்டறை முருகேசன் அண்ணன், இங்கே தாராவியில் இறந்தார். ஆச்சி ரயிலேறி வந்தார். அவர் பெற்ற நான்கு பேரும் அத்தோடு முடிந்தார்கள். நான் ஏசி மெக்கானிக். அண்ணனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சந்தில் யாரோ, “கெழவி இருக்கா, மவன் போயிட்டான் பாரு” என்றது ஆச்சியின் காதிலும் விழுந்தது.

“எய்யா, கரண்டுக்காரா” என்று கூப்பிட்டார். “நான் போனா கல்யாணச் சாவுன்னு கொட்டு வச்சு ஆடுவானுவ. எம்பிள்ளையள முன்னால அனுப்பிட்டு எனக்கு என்ன கல்யாணம்? வேண்டாம்னு சொல்லிரு. பம்பாய்க்காரங்க நீங்க சொன்னாத்தான் ஊர்ல கேப்பான்.”

“சரி ஆச்சி, பாத்துக்கலாம். தள்ளி உக்காருங்க, ஷாக் அடிக்கும்” என்றேன். பிளக் பொருந்தவில்லை. அப்போது எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆச்சி இறந்த ஞாயிறன்று நம் ஊர்ச் சங்கப் பொருளாளர் போன் செய்தார். “நூறு தாண்டுன சாவுடே. செண்டை மேளத்துக்கு ஜல்தி சொல்லு.” செம்பூரில் ஒரு வீட்டு ஏசியைப் பாதியில் விட்டுவிட்டு, ஊருக்குப் போன் போட்டு மேளம், வெடி இரண்டையும் உடனே ஏற்பாடு செய்தேன். “ஒன்ன மாதிரி நாலு பேரு வேணும்டே” என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

மாலையில் வீடியோ வந்தது. செண்டை, வெடி, ஆட்டம். பாடையின் தலைமாட்டில் முருகேசன் அண்ணனின் மனைவி செல்வி அக்கா; அண்ணன் போன பிறகு ஆச்சியோடு ஊரிலேயே இருந்தவர். இரண்டு கைகளாலும் ஆச்சியின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார். “இது என்ன புதுச் சடங்கு?” என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆச்சி என்னை நம்பிச் சொன்ன அந்த ஒரு பேச்சுதான் என்னிடம் இருக்கிறது. இனி:

1. ‘புதுச் சடங்கா’ என்ற அந்தக் கேள்விக்குப் பதிலாக, ஆச்சி சொன்னதை அப்படியே குழுவில் போடுவேன்.
2. பதினாறாம் நாளுக்குச் சொல்லியிருக்கும் மைக் செட்டை நிறுத்துவேன்.
3. ஊருக்குப் போய், மேளத்துக்குச் சொன்னது நான்தான் என்று செல்வி அக்காவிடம் சொல்வேன். ஏசினால், நின்று கேட்பேன்.