இரண்டு நாடாக்களில் அகப்பட்ட ரதி

கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கே டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் திரும்பச் சுமக்க முடியாமல் விட்டுப்போன பெட்டி அது. கோயில் பூசை, கல்யாணம், துரையின் பிரியாவிடைப் பேச்சு என்று எல்லாவற்றையும் பிடித்து, உறையில் தேதி எழுதி அடுக்கி வைத்தேன். யாரும் வந்து கேட்டதில்லை. துரையின் பேச்சை நானும் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு வானொலியில் ஒரு இடம் கிடைத்தது. மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் பாட்டுகள் மட்டும். ரதி வேஷம் போடுகிறவர் தேயிலை ஸ்டோரில் அரைக்கும் பகுதியில் வேலை செய்த, பெரிய மீசைக்காரர். கூத்து நடக்கும் மாசியில் மட்டும் அந்த மீசை இருக்காது. தப்படிக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வானொலி நிலையத்துக்கு ரயிலேறினார். கூத்து வாத்தியாருக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது; அவர் தோட்டத்தில் இருந்துவிட்டார்.

நேரடி ஒலிபரப்பு. நிலையத்தார் நாடாவில் பிடித்து வைக்கப்போவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். கோழிகளைக் கூடையால் மூடினேன். தொழிலாளர் லயத்து ஜனங்கள் முற்றத்தில் நின்று கேட்பதற்காக ரேடியோவை ஜன்னலில் வைத்து, மைக்கை அதன் எதிரே தலையணைமேல் படுக்கவைத்தேன். யாரும் இருமக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

யாரும் இருமவில்லை. ரதியின் குரல் வந்ததும் கற்பூரம் கொளுத்தினார்கள். மணி அடித்தார்கள். ரதிக்காரரின் மனைவி முன்னால் வந்து, ஜன்னல் கட்டையிலேயே ஓங்கி ஒரு தேங்காயை உடைத்தார். தண்ணீர் முழுவதும் ரேடியோவின் முதுகுக்குள் போனது. உள்ளே ஏதோ டப்பென்று வெடித்தது. கடைசிப் பாட்டு தொடங்கப்போகிற சமயத்தில் ரதி நின்றுபோனாள்.

"என்னம்மா செஞ்சிட்டீங்க! பாடுறது உங்க வீட்டுக்காரர்தானே, அவருக்கா தேங்காய்?" என்றேன்.

"பாடுறப்ப அது ரதியாத்தாங்க. ரயில விட்டு எறங்கி வந்தப்புறந்தான் என் புருஷன்."

இந்த உரையாடலும் நாடாவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. பாட்டைவிடத் தெளிவாக.

ரதிக்காரர் திரும்புமுன்பே வம்பு வந்து சேர்ந்தது. கடைசிப் பாட்டில் ரதி மறந்து தடுமாறிவிட்டாள் என்று உடப்புசல்லாவைப் பக்கம் பேசிக்கொள்வதாக யாரோ சொன்னார்கள். வாத்தியாருக்கு அது போதும்.

"தடுமாறியிருந்தா வர்ற மாசிக்கு வேற ரதி. என் தங்கச்சி மகன் ரெடியா இருக்கான்."

"தடுமாறல வாத்தியாரே. சத்தியமா!" என்றார் ரயிலிறங்கி வந்த ரதிக்காரர். இருபது வருஷமாக அவர் போட்ட வேஷம் அது.

கூடப் போன சாட்சிகளில் ஒருவர் அவருடைய மச்சான். மற்றவருக்குக் காது மந்தம். என் நாடாவைப் போட்டுப் பார்த்தோம். மணி, தேங்காய், டப்.

"பாத்தியா, உன் பொண்டாட்டியே சாட்சியக் கொன்னுட்டா" என்றார் வாத்தியார்.

அதே ஒலிபரப்பை வேறு யாராவது நாடாவில் பிடித்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நுவரெலியாவில் விசாரித்தேன், இல்லை. கடைசியில் கந்தப்பளைக் கடைவீதியில் துணிக்கடை முஸ்லிம் முதலாளி நானாவிடம் ஒரு ரெக்கார்டர் இருப்பது தெரிந்து, ரதிக்காரரோடு போனேன்.

"ஓ, அதா? எனக்கு வேணும்னது அதுக்குப் பொறகு வந்த சினிமாப் பாட்டு" என்றார் நானா. "மொதல் பாட்டு தவறிடக்கூடாதுன்னு முந்தியே தட்டி விட்டேன். ஒரு பொம்பள அழுது முடிக்கிற வரைக்கும் நாடா ஓடிருச்சு. நாளைக்கு அழிக்கலாம்னு இருந்தேன்."

"அழுதது நான்தாங்க" என்றார் ரதிக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு.

நானா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாடாவைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே என் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். வாத்தியாருக்கு நாற்காலி. தேங்காய் கொண்டுவரக்கூடாது என்று அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். ரதிக்காரர் மட்டும் கோழிக்கூடைப் பக்கம் ஒதுங்கி நின்றார். சுவிட்சைத் தட்டினேன். கடைசிப் பாட்டு முதலடியிலிருந்தே வந்தது. பாதிவரை வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. பிறகு:

"கந்தப்பள கடையிலயும் கண்ணீரோட தேடிவந்தேன்,
நானுஓயா டேசனில நாலு பக்கம் தேடிவந்தேன்,
உடப்புசல்லாவ பஸ்ஸுலயும் உத்துப் பாத்துத் தேடிவந்தேன்..."

முற்றம் அதிரச் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"பஸ்ஸுல தேடுனவ கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளாமா?"

"அடி மறந்துபோச்சு வாத்தியாரே" என்றார் ரதிக்காரர் கூடைப் பக்கமிருந்து. "நெலையத்துல செவப்பு லைட்டு எரியுது, நிறுத்த முடியல. தெரிஞ்ச ஊரெல்லாம் வாயில வந்துருச்சு. ஆனா தடுமாறல."

"அந்தா, தடுமாறலையே!" என்று அவர் மனைவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

வாத்தியார் என்னைத் திரும்பவும் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கண்ணை மூடி, முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"பாட்டு என்னோடது இல்ல. தாளம் என்னோடதுதான். எங்கயும் விழல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரதி நீயே போடு. எழவு, என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நுவரெலியாவ விட்டுட்டாரே! எங்க மாமியா ஊரு. அங்க தேடாம புருஷன் எப்படிக் கெடைப்பான்?" என்று கேட்டார்.

"அதுக்கு நான் ஒரு அடி கட்டித் தர்றேன்" என்றார் வாத்தியார், இப்போதுதான் முகம் கொஞ்சம் இளகி. "மார்க்கட்டுல தேடட்டும்."

அடுத்தது ஹட்டன் என்றார் ஒருவர். அதற்கும் அடி கட்டப்பட்டது. மாசி வந்தபோது ரதி ஊர் ஊராகத் தேடிப் புலம்பி முடிப்பதற்குள், எரிந்துபோன மன்மதன் திரைக்குப் பின்னால் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அதையும் பிடித்து வைத்திருக்கிறேன்.