பலகையில் எழுதிய ஞாயிறு

எட்டாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க எங்கள் பள்ளியின் சாதனைகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன. யார் ஓடி ஜெயித்தாலும் யார் தாண்டி ஜெயித்தாலும் நான் சாக்பீஸைத் தொட்ட பிறகுதான் அது சாதனை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி பல்லடம் ரோட்டின் மேலேயே, அருள்புரத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. கேட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய கரும்பலகை. நடுவில் வெள்ளைக் கோடு. இடப்பக்கம் ‘நம் மாணவர் சாதனைகள்’, வலப்பக்கம் ‘வரவிருக்கும் நிகழ்வுகள்’. தமிழம்மா துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். நான் ஸ்டூலில் ஏறி நின்று கலர் சாக்பீஸால் எழுதுவேன். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளப் போட்டி போடும். மந்திரி பதவி கிடைத்திருந்தால்கூட நான் அவ்வளவு மிதப்பாக இருந்திருப்பேனா தெரியாது.

பலகைக்கு ஒரு நிரந்தர வாசகி உண்டு. என் அம்மா. அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தையல் விட்ட இடம், துணியில் ஊசித்துளை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. காலையில் கம்பெனி வேன் எங்கள் பள்ளியைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோர சீட்டுக்காக முதல் ஆளாகப் போய் நிற்பாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வேன் போகிற வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிதான் ஆகும். சாயங்காலம் வந்ததும் அன்றைய வரியைப் பற்றி விசாரணை நடக்கும்.

“ஏட்டி, பச்சையில எழுதிருந்தியே, குண்டு எறிதல்னு. பள்ளிக்கூடத்துல எதுக்குட்டி குண்டு எறியுதானுவ?”

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வருடத்தில் அம்மா என் பள்ளிக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. என்னைச் சேர்த்துவிட்டது அப்பா. அதன் பிறகு சாயப்பட்டறையில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்த அவருக்கு நான் எத்தனையாவது படிக்கிறேன் என்பதே பண்டிகைக்குப் பண்டிகைதான் நினைவுக்கு வரும். அம்மாவை வேன் காலை எட்டு மணிக்கு ஏற்றிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் இறக்கிவிடும். இதில் யார் மேலும் குற்றமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏங்கினேன்.

ஏக்கத்துக்கு எங்கள் தலைமையாசிரியரும் ஒரு காரணம். பரிசளிப்பு விழாவில் பெற்றவர்கள் கையால்தான் பிள்ளைக்குப் பரிசு தர வேண்டும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் பெற்றவர்கள் எல்லாரும் கம்பெனியில் இருப்பார்கள். ஆகவே பி.டி. சார் மேடையோரமாகத் தயாராக நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாவாக இருந்து பரிசு கொடுத்துக்கொண்டிருப்பார். எனக்கே இரண்டு வருடம் அவர்தான் அப்பா. ஒரு முறை மளிகைக்கடைக்காரர் மகளுக்கு அவள் அம்மா வந்து பரிசு கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டாள். பரிசைவிட அந்தச் செருகல்தான் என் கண்ணிலேயே நின்றது. அதற்குப் பிறகு பல நாள் வேண்டுமென்றே முடியை நெற்றியில் விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் மாவட்ட அளவில் குறள் ஒப்பித்தலில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சாதனைப் பக்கத்தில் என் பெயரை நானே எழுதினேன், ரோஸ் நிறத்தில், மற்றவர்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் பெரிதாக. அம்மா அந்த ஒரு வரியை மட்டும் மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அடுத்த புதன்கிழமை தமிழம்மா துண்டுச்சீட்டைக் கொடுத்துவிட்டு ஏதோ பயிற்சிக்கென்று வெளியூர் போனார். ‘பரிசளிப்பு விழா, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, பள்ளி அரங்கம்.’ சனிக்கிழமை என்றதுமே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஷிப்மென்ட் நெருக்கடி எல்லாம் சனிக்கிழமைதான் வந்து விடியும். அன்றைக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் கேட்டவளையே மேலும் கீழும் பார்ப்பாராம். ஞாயிறு மட்டும்தான் அம்மா எங்களுக்குச் சொந்தம்.

ஸ்டூலில் நின்றபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். இத்தனை நாளும் நான் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. நான் எழுதினால் ஞாயிற்றுக்கிழமையும் ஆகிவிட்டுப் போகட்டுமே. மஞ்சள் சாக்பீஸை எடுத்து ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். கோட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வேறு.

மறுநாள் சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“ஞாயித்துக்கெழமையாட்டி? அப்பம் நான் வரலாம்லா?”

டிரங்குப் பெட்டியைத் திறந்து ஊர்க் கோயில் கொடைக்கு எடுத்த அரக்குச் சேலையை வெளியே எடுத்தாள். உதறி, ஆணியில் மாட்டினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், “புள்ளைக்கு நான்தான் பரிசு குடுக்கணுமாம், தலைமை வாத்தியாரு சொல்லிட்டாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் பயப்படவே இல்லை. அத்தனை சந்தோஷம்.

தலைமையாசிரியர் பின்பக்க கேட் வழியாக வந்து போகிறவர். பலகையை ஊரே படித்தது, அவர் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரோ சொல்லித்தான் வந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்றுதான் போனேன். ஆனால் அவர் திட்டவில்லை.

“கண்ணு, கிழமைய மாத்தி எழுதிப்போட்டியே. அவசரத்துல எழுதினியாக்கும்? செரி, உடு.”

அவரே அழித்து அவர் கையாலேயே ‘சனிக்கிழமை’ என்று எழுதினார். நல்ல பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டால் செய்த தப்பெல்லாம் கைத்தவறாகிவிடுகிறது. மாலை மணி அடித்ததும் மைக்கில், “விழா நாளைக்குத்தானுங்க, ஊட்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லீருங்க” என்று இரண்டு முறை அறிவித்தார்.

நான் மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அம்மா வந்தாள், ஆணியில் தொங்கிய சேலையைத் தடவிப் பார்த்தாள், நாளை மறுநாள் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். மூன்று மணி என்றேன். சனிக்கிழமை என்று சொன்னால் நேற்றைய ஞாயிறு எங்கே போனது என்று கேட்பாள். பிறகு எல்லாம் சொல்ல வேண்டும். எப்படியும் அவளால் வரமுடியாத சனிக்கிழமையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை விழா தொடங்கும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போனது. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் கடிகாரத்தைவிடக் கரண்ட் கட்டை நம்பலாம். அரங்கத்துக்குள் இருட்டும் புழுக்கமும் தாங்காமல், நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் போட்டார்கள். மேடையில்லை, மைக்கில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன்.

“ஊட்லிருந்து யாராச்சும் வந்திருக்காங்களா கண்ணு?” என்று தலைமையாசிரியர் சத்தமாகவே கேட்டார்.

வரமாட்டாள் என்று தெரிந்தும் நாற்காலி வரிசையை ஒரு முறை முழுக்கப் பார்த்தேன். பிறகு, “யாரும் வரலீங்க சார்” என்றேன். ஒப்பித்தல் பழகிய குரல், கணீரென்று வந்தது. பி.டி. சார் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வகுப்பு மேஜைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்தேன்.

அன்று அம்மா வழக்கம்போல இருட்டிய பிறகு வந்தாள். தலையில் வழக்கம்போலப் பஞ்சு. வழக்கமில்லாதது ஒன்று இருந்தது. சேலைக் கரையில் நெடுக ஒட்டுப்புல் ஒட்டியிருந்தது. கால்நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “கம்பெனிக்குள்ள புல்லு வளத்துருக்காங்களாம்மா?” என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். கதவைப் பூட்டும்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, நான் வரணுமா?”

கேட்டில் போய் நின்றதும் என்ன சொல்வது என்று அதுவரை முடிவு செய்யவில்லை. செருப்பு வாரைப் பார்த்தபடி, “ம், வா” என்றேன்.

கேட் பூட்டியிருந்தது. நாங்கள் மட்டுமில்லை, இன்னும் நாலைந்து குடும்பங்கள் வந்து நின்றன. மைக்கில் சொன்னதைக் காற்றில் விட்ட பிள்ளைகள் வேறேயும் இருந்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பையனின் அப்பா, புதுச்சட்டை போட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“ஏனுங்க, போர்டுல ஞாயித்துக்கெழமைன்னுதானுங்க போட்டிருந்துச்சு?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“விழா நேத்தே முடிஞ்சு போச்சுங்களே. எந்தப் புள்ளயோ மாத்தி எழுதிப்போடுச்சாமுங்க.”

அவர் கேமராவைக் கையால் மூடிக்கொண்டு மகனைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அம்மா போகவில்லை. என்னை ஒன்றும் கேட்கவுமில்லை. வாட்ச்மேனிடம், “அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் உள்ள போயிட்டு வந்துருதோம்” என்றாள். அவர் அவள் சேலையையும் பூவையும் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

“பரிசு எங்கட்டி?”

வாட்ச்மேன் வகுப்பைத் திறந்துவிட, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அரங்கத்தைத் திரும்பியும் பார்க்காமல் அதைத் தாண்டி, பள்ளிக்குப் பின்னால் போய்ப் புங்கமரத்தடியில் நின்றாள். பாக்ஸை என்னிடமிருந்து வாங்கினாள். என் நெற்றியில் கிடந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். பிறகு இரண்டு கையாலும் பரிசைக் கொடுத்தாள். வாட்ச்மேன் ஒற்றை ஆளாகக் கைதட்டினார். நான் ‘ஓ’வென்று அழுதேன். அவளும் அழுதாள். தப்பித்தோம் என்றும் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

பல வருடம் கழித்து, என் மகளின் பள்ளி விழாவுக்கு ஆபீசிலிருந்து ஓடிப்போய், கடைசி வரிசைக்கும் பின்னால் மூச்சிரைக்க நின்றபோதுதான் எனக்கு அந்த மரம் நினைவுக்கு வந்தது. விழா அரங்கத்தில் என்றுதான் பலகையில் இருந்தது. மரத்தடிக்கு மாறியது அன்று அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வேன் சனிக்கிழமை காலையும் அந்த வழியாகத்தான் போயிருக்கும். என் எழுத்து எது, அடுத்தவர் எழுத்து எது என்று அவளுக்குத் தெரியாதா? சூப்பர்வைசரிடம் கெஞ்சி எப்படியோ இரண்டு மணி நேரம் வாங்கியிருப்பாள். புங்கமரத்துக்குப் பின்னால் காம்பவுண்டு சுவரோரம் இடுப்பளவு புல் கிடந்தது. அங்கே நின்றால் நாற்காலிகள் தெரியும், நான் தெரிவேன், நான் பேசியதும் கேட்கும்.

அம்மாவிடம் ஒரு முறை அந்த ஒட்டுப்புல்லைப் பற்றிக் கேட்டேன். “ஒட்டுப்புல்லு எங்கதான்ட்டி இல்ல?” என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை. கிழமை மாறியதை நான் ஏன் சொல்லவில்லை என்று அவள் அன்று காலை முழுக்க யோசித்திருப்பாள். பஞ்சு ஒட்டிய தலையோடு அவள் வந்து நிற்பது எனக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் முன்னால் வரவில்லை.

கதவைப் பூட்டாமல் சாவியோடு நின்று அவள் கேட்டது சும்மா கேட்ட கேள்வியில்லை. வரணுமா என்றுதான் கேட்டாள். நான் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.